மேற்கண்ட அனைத்தும்

ஊரார் பொருளை ஒழுங்காக அடுக்கிவைக்கச் சம்பளம் வாங்குகிறவன், தன் பொருளை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டேதான் இருப்பான். சிலர் சாவியைத் தேடுவார்கள், சிலர் மூக்குக்கண்ணாடியைத் தேடுவார்கள். நான் தேடியது என் மானத்தை. அது அம்பாசமுத்திரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில், சுவர் நிறையப் பெரிய திரையில், எல்லா ஆசிரியர்களும் பார்க்கும்படி கிடைத்தது.

ஹைதராபாத்தில், அமீர்பேட்டில், ஆன்லைன் பாடங்கள் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. பதவியின் பெயர் கன்டென்ட் மேனேஜர். பெண் பார்க்கப் போன இடத்தில் வருங்கால மாமனார் 'மேனேஜர்' என்ற பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு எந்த பேங்க் என்று கேட்டார். யாரோ எழுதிய பாடம், யாரோ எடுத்த வீடியோ, யாரோ வரைந்த படம் எல்லாவற்றையும் வாங்கி, எதற்கு அடுத்து எது வரவேண்டும், எதற்கு என்ன பெயர் என்று முடிவுசெய்து இணையதளத்தில் அடுக்குவதுதான் வேலை என்று விளக்கினேன். "அப்ப ஸ்டோர் கீப்பர்னு சொல்லுங்க" என்றார். என் வேலையை அதைவிடச் சரியாக இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

பெண்ணின் பெயர் கோமதி, அம்பாசமுத்திரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பயாலஜி டீச்சர். கல்யாணம் முடிந்ததும் நான் ஹைதராபாத்துக்கு ரயிலேறினேன், அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். கொஞ்ச நாள் போகட்டும் என்று இரண்டு வீட்டிலும் பேச்சு. அந்தக் கொஞ்ச நாள் யாரும் கேட்காமலே நீண்டுகொண்டு போனது. அவளுக்கு அந்த லேப் என்றால் உயிர். நுண்ணோக்கியின் கண்ணாடியைத் துடைக்கிற வேலையை மட்டும் வேறு யாருக்கும் விடமாட்டாள். 'வா' என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாள், அதனால் சொல்லக்கூடாது என்று இருந்தேன். (இதைப் பெருந்தன்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வந்த பிறகு ஆயுசுக்கும் குத்திக்காட்டுவாளோ என்ற பயமும் அதில் சரிபாதி உண்டு.)

அவள் ஏன் 'வரட்டுமா' என்று கேட்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தினமும் போன் பேசுவோம். அந்தப்பக்கம் டிவி ஓடும், மாமியார் வெங்காயம் உரிப்பார், மாமனார் இருமுவார்.

"சாப்ட்டியளா?"

"ஆச்சு."

"அங்க நல்லா இருக்கியளா?"

"சூப்பரா இருக்கேன்."

இந்த 'சூப்பரா இருக்கேன்' எனக்கு ஒரு வீரமாகத் தெரிந்தது. அவளுக்கு அது, 'நீ இல்லாமலே எனக்கு நன்றாகத்தான் போகிறது' என்று கேட்டிருக்கிறது. உண்மையில் நான் அமீர்பேட் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு, செகந்திராபாத் பக்கம் மெட்டுகுடாவில் இரண்டு பேர் இருக்கத் தோதாக ஒரு வீடு பிடித்திருந்தேன். அதையும் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வற்புறுத்துவது போல ஆகிவிடுமாம். புத்தி அப்படிப் போயிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பாடம் ஒன்றைப் பல மொழிகளில் தயாரிக்க ஆரம்பித்தோம். எங்கள் தொழிலில் முதலில் பக்கத்தை வடிவமைத்துவிடுவோம், மொழிபெயர்ப்பு ஆற அமர வரும். அதுவரை காலி இடத்தை அடைக்க, அர்த்தமில்லாத லத்தீன் வரிகளைப் போட்டு வைப்பது வழக்கம். தமிழுக்கு அது சரிப்படவில்லை. நம் சொற்கள் நீளம். 'பதிவேற்றம் செய்யப்பட்டது' என்று போட்டால் பட்டனின் இரண்டு பக்கமும் எழுத்து பிதுங்கி நிற்கும். அதனால் எங்கள் டீம் லீட் ஸ்ரீலதா, "இசக்கி காரு, மீரே தமிழ்லோ ஏதன்னா டைப் சேசி பெட்டண்டி" என்றார். தமிழில் ஏதாவது அடித்து வையுங்கள், அவ்வளவுதான். ஆபீசில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்.

முதலில் செய்தித்தாளைப் பார்த்து அடித்தேன். தக்காளி விலை, அணை நீர்மட்டம் எல்லாம் பயிற்சிப் பாடத்தில் ஏறின. ஒருநாள் மழை. ஜன்னலுக்கு வெளியே மெட்ரோ ஸ்டேஷன் படிகளில் ஒரே குடைக்குள் இரண்டு பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். 'ஆசிரியரின் பொறுப்புகள்' என்ற தலைப்புக்குக் கீழே என் விரல் தானாக அடித்தது: 'இங்கே மழை பெய்கிறது. நீ இல்லாமல் இந்த மழையை என்ன செய்வது என்று தெரியவில்லை.'

அடித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தேன். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அன்று முதல் காலி இடம் எங்கே இருக்கிறது என்று நானே தேடிப்போய் அடைக்க ஆரம்பித்தேன். போனில் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டதெல்லாம் பத்தி பத்தியாக இறங்கியது. அவளுக்கு எழுதுகிறேன் என்ற நிம்மதியும் இருந்தது, அவள் படிக்கமாட்டாள் என்ற தைரியமும் இருந்தது. எழுத்து கட்டம் கட்டமாக உடைகிறதா என்று சரிபார்க்கும் இம்ரான், திரையை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஹவ் இஷாக் பாய், மஸ்த் திக்ரா" என்று பாராட்டுவான். பார்க்கப் பிரமாதமாக இருக்கிறதாம். (இசக்கி என்ற பெயர் அவன் வாயில் நுழைந்த முதல் நாளே இஷாக் ஆகிவிட்டது.)

ஒருவழியாக மொழிபெயர்ப்பு வந்தது. ஒழுங்காகப் பாடத்தை ஒரு நகல் எடுத்து, அதில் உண்மையான உரையை ஏற்றினேன். பழையதன் பெயர் 'இறுதி'. புதியதன் பெயர் 'இறுதி புதியது'. கோப்புக்கு 'இறுதி' என்று பெயர் வைக்கவே கூடாது என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் அரைமணி நேரம் வகுப்பு எடுப்பவனும் நான்தான். எந்த நகலை பப்ளிஷ் செய்திருப்பேன் என்று நீங்களே யூகித்திருப்பீர்கள். இம்ரான் பார்த்தான். எழுத்து உடையவில்லை. மஸ்த் திக்ரா.

பாடத்தை முதலில் பார்க்கப்போகும் பள்ளிக்கூடம், கோமதியின் பள்ளிக்கூடம். அதற்கும் நானேதான் காரணம். எங்கள் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அவள் பள்ளித் தாளாளரிடம், எங்கள் பாடத்தைப் போல இந்தியாவிலேயே இல்லை என்று பாயசம் முடியும்வரை அளந்திருந்தேன். அவர் மறக்கவில்லை. எல்லா ஆசிரியர்களையும் ஹாலில் உட்காரவைத்து, திரை கட்டி, நிபுணர் என்ற முறையில் என்னையும் வீடியோ காலில் அழைத்திருந்தார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு கேமரா முன்னால் உட்கார்ந்தேன். மூன்றாவது வரிசையில் கோமதி. புடவை என்ன நிறம் என்று தெரியாத அளவுக்கு மங்கல். ஆனாலும் அவள்தான்.

தாளாளர் எதையும் சத்தம் போட்டுப் படித்தால்தான் மனதில் நிற்கும் என்ற கட்சி. எழுந்து நின்று, கணீரென்று ஆரம்பித்தார். "ஆசிரியரின் பொறுப்புகள். இங்கே மழை பெய்கிறது. நீ இல்லாமல் இந்த மழையை என்ன செய்வது என்று தெரியவில்லை."

நான் மவுஸைத் தேடினேன்.

ஹாலில் ஒரு சலசலப்பு. முன்னுரை கவித்துவமாக இருக்கிறது என்று தமிழாசிரியர் சொன்னார். தாளாளர் அடுத்த பக்கத்துக்குப் போனார். "வகுப்பறை மேலாண்மை. மெட்டுகுடாவில் வீடு பிடித்துவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. சமையலறை ஜன்னலில் ரயில் போவது தெரியும். எந்த ரயில் தெற்கே போகிறது என்று பக்கத்து வீட்டில் கேட்டு வைத்திருக்கிறேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பி.டி. வாத்தியார், "கேஸ் ஸ்டடியா இருக்கும் சார்" என்று சமாதானம் சொன்னார். "மதிப்பீட்டு முறைகள். தட்டு இரண்டு வாங்கினேன். ஒன்று இன்னும் கடையில் ஒட்டிய ஸ்டிக்கரோடு இருக்கிறது."

நான் இங்கே இணையதளத்திலிருந்து பாடத்தை நீக்கிவிட்டேன். ஆனால் அங்கே ஏற்கெனவே முழுசாகத் திறந்திருக்கும் பாடத்தை இங்கிருந்து மூட வழியில்லை. நெட் சரியில்லை என்று வீடியோ காலைத் துண்டித்திருக்கலாம். அது அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், மூன்றாவது வரிசையை விட்டுப் போயிருப்பேனா என்பது சந்தேகம்.

கடைசியாகக் கேள்வி பதில் பகுதி வந்தது. விடை சொல்லாமல் 'அடுத்து' பட்டன் திறக்காதபடி அமைத்து, அதற்காக ஆபீசில் பாராட்டும் வாங்கியிருந்தேன். தாளாளர் படித்தார்.

"கோமதி, கீழ்க்கண்டவற்றில் எது சரி? அ) வா. ஆ) வந்துவிடு. இ) எப்போது வருவாய்? ஈ) மேற்கண்ட அனைத்தும்."

 எல்லாத் தலைகளும் மூன்றாவது வரிசைக்குத் திரும்பின. தாளாளர் எடுத்த காரியத்தைப் பாதியில் விடாதவர். "கோமதி டீச்சர், கேள்வி உங்களுக்குல்லா வந்திருக்கு. நீங்களே வந்து பதில் சொல்லுங்க" என்றார்.

அவள் எழுந்து வந்தாள். கேமராவைப் பார்க்கவில்லை. குனிந்து, 'ஈ'யை அழுத்தினாள். 'மிகச் சரி. அடுத்த பாடத்துக்குச் செல்லலாம்' என்று திரையில் வந்தது. (அதுவும் நான் எழுதி வைத்ததுதான்.) பிறகு மைக்கை வாங்கி, என்னைப் பார்த்து, ஒரே ஒரு வரி கேட்டாள்.

"சூப்பரா இருக்கேன்னுல்லா சொன்னிய?"

 பக்கத்து சீட்டிலிருந்து இம்ரான் எட்டிப் பார்த்து, "கைக்கு ரோரே பாய்?" என்றான். ஏன் அழுகிறாய் என்று கேட்கிறான். ஸ்ரீலதாவுக்கு விஷயத்தைத் தெலுங்கில் சொல்லி முடிப்பதற்குள், எழுதிய பரீட்சையெல்லாம் எளிதாகப்பட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. தன் வீட்டுக்காரர் துபாயில் இருப்பதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். தாளாளரும் பாடத்தை வாங்கிக்கொண்டார், மற்ற கம்பெனிப் பாடத்திலெல்லாம் இந்த உணர்ச்சி இல்லையாம். பதிலுக்கு அவர் ஒரு பயாலஜி டீச்சரை இழந்தார். பொதுத்தேர்வு முடிந்த கையோடு கோமதி இரண்டு பெட்டியுடன் செகந்திராபாத்தில் வந்து இறங்கினாள்.

எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்திலும் இந்தக் கதையைச் சொல்லாமல் பந்தி எழுந்ததில்லை. மாமனார் தாளாளர் குரலில் முழுசாக ஒப்பிப்பார். எங்கள் மகள் தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் சொல்வாள். ஆனால் இட்லியா, தோசையா, பூரியா என்று கேட்டால் மட்டும் சுத்தத் தமிழில் "ஈ" என்பாள். கோமதியும் சிரிப்பாள். எனக்கு வாய்த்த நிரந்தர விளைவு வேறு. அன்றிலிருந்து ஒரு வார்த்தை விடாமல் படிக்காமல் எந்தப் பக்கத்தையும் நான் பப்ளிஷ் செய்வதில்லை. இஷாக் பாய் லத்தீனைக்கூடப் படிக்கிறார் என்று ஆபீசில் கேலி உண்டு.

அது கோமதிக்கும் தெரியும்.

கோமதி இப்போது இங்கே ஒரு பள்ளியில் ஆங்கிலத்தில் பாடம் நடத்துகிறாள். பழைய பள்ளிக்கூடத்தில், அங்குள்ள பிள்ளைகளுக்காக அவள் பாடங்களை ஆன்லைனில் கேட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தயாரிக்கிறாள், ஏற்றுவது என் பொறுப்பு. போன வாரம் 'ஒளிச்சேர்க்கை' பக்கத்தைச் சரிபார்க்கத் திறந்தேன். படம் இருந்தது, வீடியோ இருந்தது. உரை வரவேண்டிய இடத்தில் அவள் இப்படி அடைத்து வைத்திருந்தாள்:

'நுண்ணோக்கியை உறை போடாமல் வைக்கிறார்களாம். பிள்ளைகள் சொன்னார்கள். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. எந்த ரயில் தெற்கே போகிறது என்று இப்போது எனக்கும் தெரியும்.'

கீழே ஒரு கேள்வி. 'கோமதி டீச்சருக்கு எது வேண்டும்? அ) அவள் பள்ளிக்கூடம். ஆ) அவள் வீட்டுக்காரர். இ) இரண்டும். ஈ) இரண்டும் ஒரே ஊரில்.'

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இத்தனை வருஷம் அவள் அந்தச் சமையலறை ஜன்னல் பக்கம் நிற்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காற்றுக்கு நிற்கிறாள் என்றே நினைத்திருந்தேன். கை பழக்கத்தில் பப்ளிஷ் பட்டனுக்குப் போனது. சரியான விடை எது என்று குறிக்கவில்லை, வெளியிட முடியாது என்று திரையில் சிவப்பு எழுத்து வந்தது.

சமையலறையில் தட்டு கழுவும் சத்தம் கேட்டது. இங்கிருந்தே, "கோமதி, நல்லா இருக்கியா?" என்று கேட்டேன்.

குழாயை மூடினாள்.

"சூப்பரா இருக்கேன்" என்றாள்.

அந்தப் பக்கம் இன்னும் டிராஃப்டில்தான் இருக்கிறது.