வெள்ளையப்பன் கட்டிய பொய் இரை

ஒரு காட்டில், செல்போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே குளக்கரையில், தண்ணீர்மேல் சாய்ந்த மருதமரத்தில் வெள்ளையப்பன் என்ற கொக்கு குடும்பம் நடத்திவந்தது. மனைவி அல்லி. கூட்டில் மூன்று குஞ்சுகள். காக்கை வராமல் அல்லி காவல் இருக்க வேண்டும், வெள்ளையப்பன் மீன் கொண்டுவர வேண்டும். அதுதான் ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டைக் கெடுத்தது செல்போனில் நடந்த 'கைக்கட்டுத் தூண்டிலார் சங்கம்'. நாரை, நீர்நாய், மீன்கொத்தி என்று இருநூறு பேர். அலகால் கொத்துவது அநாகரிகம், தன் கையால் கட்டிய பொய் இரையில் சிக்கினால்தான் மீன் என்பது சங்க விதி. உறுப்பினர்களில் பாதிப் பேருக்குக் கையே கிடையாது என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

வெள்ளையப்பன் மூன்று நாளாக ஒரே இரையைக் கட்டிக்கொண்டிருந்தது. தூண்டில்முள்ளின் கழுத்தில் ஈயக் குண்டு, குண்டில் மையால் இரண்டு கண், பின்னால் வாலுக்கு இறகு, அதன்மேல் சிவப்பு நூலை இறுக்கிச் சுற்றி முடிச்சு. இறகெல்லாம் சொந்த இறகு. மார்பு உரித்த கோழி மாதிரி ஆகிவிட்டது.

"ஏங்க, புள்ளைங்க நேத்துலேருந்து பட்டினி. குனிஞ்சு ஒரு கொத்து கொத்திட்டு வந்தா என்ன?" என்றது அல்லி.

"கொத்துறதை எவன் வேணும்னாலும் கொத்துவான். இந்தக் கண்ணைப் பாரேன், எப்படி வந்திருக்கு!"

அல்லி பார்த்தது கடைக்குட்டியின் கண்ணை. அது செருகிக்கொண்டிருந்தது.

"நீங்க கூட்டையாவது பாத்துக்கோங்க" என்று பறந்த அல்லி, ஐந்தே நிமிடத்தில் ஒரு விரால் குட்டியைக் கவ்விக்கொண்டு திரும்பியது. குஞ்சுகள் வாயைப் பிளந்தன.

"இரு, இரு! ரெண்டே நிமிஷம்!"

வெள்ளையப்பன் மீனைப் பிடுங்கிக்கொண்டது. செல்போனைக் கிளைக் கவட்டில் நிறுத்தி நேரலையை ஓடவிட்டது. பொய் இரையை மீனின் உதட்டோரம் பட்டும் படாமலும் மாட்டி, அதில் சிக்கியதுபோல அலகில் தொங்கவிட்டு, கழுத்தை வளைத்து நின்றது. விரால் ஒரு துள்ளுத் துள்ளியது. இரை அலகில் மிஞ்ச, மீன் குளத்தில் விழுந்தது.

"பாவி மனுசா!" என்று அல்லி தலையில் அடித்துக்கொண்டது.

செல்போன் கிணுகிணுவென்று அடித்தது. "பிடித்த மீனை உயிரோடு விட்டாரே!" என்றது நாரை. "கண் கலங்கிவிட்டது" என்றது நீர்நாய். பொழுது சாய்வதற்குள் வெள்ளையப்பனைச் சங்கத்தின் தலைவராக்கிவிட்டார்கள்.

"நழுவிருச்சுன்னு சொல்லுங்களேன்" என்றது அல்லி.

"இத்தனை பேர் சொல்றாங்களே. எனக்கே இப்பத்தான் தெரியுது, நான் விட்டுத்தான் இருக்கேன்" என்றது வெள்ளையப்பன்.

உடனே ஏற்புரை. தலைப்பு, 'விடுவதே வீரம்'. தலைவர் செல்போனுக்கு முகத்தைக் காட்டிப் பேசப் பேச, அல்லி அவர் முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் மூன்று முறை குளத்துக்குப் போய்வந்தது. முதல் கெண்டை கடைக்குட்டிக்கு. விழுங்கியதும் அது கண்ணைத் திறந்தது.

கைதட்டல் ஓய்ந்தது. நேரலையை நிறுத்திவிட்டு வெள்ளையப்பன் திரும்பியது.

"அல்லி, எனக்கு ஒண்ணு எடுத்து வச்சிருக்கியா?"

நீதி: பிடித்தது நழுவினால் கருணை என்று சொல்ல இருநூறு பேரைச் சேர்த்துக்கொள், பிடித்துப்போட வீட்டில் ஒருத்தி போதும்.