அலை பார்த்து ஓடிய பஸ்

டீசல் புகையும் உப்புச் சேறும் ஒன்றாக மூக்கில் ஏறினால் எனக்கு முதுகு வலிக்கும், கண் சொருகும், கூடவே சிரிப்பும் வந்துவிடும். ஸ்டாக்கிங் அண்ணன் செய்த வேலை அது. உலகத்து பஸ்ஸெல்லாம் கடிகாரம் பார்த்து ஓடும்போது, கடலில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்து ஓடிய ஒரே பேக்டரி பஸ் அவருடையது. மதிய ஷிப்டுக்கு எங்களை எங்கள் ஊர் அசாம் ஜாவாவில் ஏற்றி, பத்தாங் பெர்ஜுந்தாய் வழியாக ரவாங் பேக்டரிக்குக் கொண்டுசேர்ப்பது அவர் வேலை. நடுவே கோலசிலாங்கூர் ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்கு, ஒரு சுற்று. அது அவர் சொந்த ஏற்பாடு.

முன்பு எண்ணெய்ப்பனை லோரி ஓட்டியவர். ஒருநாள் பஸ் கண்ணாடி கழுவ ஜெட்டியில் ஒரு போத்தல் கடல் தண்ணீர் மொண்டு (உப்புத் தண்ணீரில் பஸ் கழுவிய ஒரே டிரைவரும் அவர்தான்) வெயிலுக்கு நேரே பிடித்தாராம். "தூசின்னுதான் நெனச்சேன். அது எதிர்ப்பக்கமா நீந்துதுலா!" அன்றோடு கண்ணாடி கழுவுவது நின்றது.

இரவுச் சந்தையில் பெண்கள் போடும் நைலான் ஸ்டாக்கிங் வாங்கினார். துணி மாட்டும் கம்பியை வளைத்து அதன் வாயில் தைத்தார், கால்விரல் நுழையும் முனையை வெட்டி அங்கே ஒரு குட்டிப் போத்தலைக் கட்டினார். வலை தயார். அடிக்கடி கிழியும், அடிக்கடி வாங்குவார். "வைஃபுக்கு என்னா சைஸ்?" என்று கடைக்காரி கேட்டதற்கு, "ஓட்டை சின்னதா இருந்தா போதும்" என்றிருக்கிறார். பெயர் அன்று ஒட்டியது.

ஜெட்டிப் பலகை நெடுக வலையை நீரோட்டத்துக்கு எதிராக இழுத்தபடி நடப்பார். பிறகு வெளிப்புறமிருந்து அலசுவார். வலையில் ஒட்டிய பொடி உயிரெல்லாம் போத்தலுக்குள் இறங்கும். போத்தல்கள் எங்கள் மடிக்கு வரும். "சூடுபட்டா செத்துரும். ஏர்கோன் காத்துல புடிங்க." முந்தின நாள் கால்வலியே ஆறாத நாங்கள் ஆளுக்கொரு துண்டுக் கடலை மடியில் வைத்துக்கொண்டு, தூங்கவும் வழியில்லாமல் போவோம்.

லென்ஸ் மாட்டிய கைப்பேசியின் கீழே ஒரு சொட்டு வைத்து எல்லோருக்கும் காட்டுவார். எதற்கும் சரியான பெயர் அவருக்குத் தெரியாது. எங்கள் பெயர்களையே வைத்துவிட்டார். வெட்டி வெட்டிப் பாய்வது கோமதி. தலையில் முள்ளோடு முறைத்த நண்டுக்குஞ்சு, பேக்கிங் பகுதி பாக்கியம் அக்கா.

"என்னாது, இந்த முள்ளு நானா?"

"கண்ணப் பாருங்கக்கா. அப்படியே நீங்கதான்."

"ஒம்மூஞ்சி! இங்க இடுப்பு ஒடியுது, வண்டிய எடுயா!"

தாமதமானால் எங்கள் வருகை அலவன்ஸில் கை வைப்பார்கள். பஸ் குத்தகைக்காரர் ஒருநாள் படியில் ஏறி நின்று சொன்னார்: "இன்னொரு வாட்டி லேட்டு, ஒன்னைய புக்கிட் பெருந்துங் ரூட்டுல போட்டுருவேன்." கடல் வாடையே வராத ரூட். அண்ணன் முகம் வற்றிப்போனது.

அதற்குப் பிறகு ஜெட்டித் திருப்பம் வந்தால், பழைய காதலி வீட்டைக் கடப்பவர் மாதிரி கழுத்தை விறைப்பாக வைத்து ஓட்டினார். நேரத்துக்குப் போனோம். மடி காலி. ஒருவருக்கும் தூக்கம் வரவில்லை.

எப்போதும் பால் தேநீர் நிறத்தில் கிடக்கும் ஆற்றுமுகம் ஒரு மதியம் ரோஸ் சிராப் கொட்டியதுபோல் இருந்தது. முதலில் பார்த்தது பாக்கியம் அக்கா.

"நிறுத்துயா!"

"லேட்டாயிரும்க்கா. என் ரூட்டு போயிரும்."

"ரெண்டே நிமிசம்லா! தண்ணியப் பாரு, என்னமோ ஆயிருக்கு!"

அவர் பார்க்கவில்லை. பார்க்காமலே பிரேக் போட்டார்.

பஸ் மொத்தமும் இறங்கியது. அண்ணன் மொண்டு லென்ஸுக்குக் கீழே வைத்த சொட்டுக்குள் வால் முளைத்த ஜவ்வரிசிபோல, கண்ணாடி உருண்டைகள். அக்கா கைப்பேசியைக் கொடுக்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

"கண்ணே இல்லியே. எப்படி வழி தெரியுது இதுக்கு?"

"வழியெல்லாம் தேடாதுக்கா. தண்ணி இழுக்கிற எடத்துக்குப் போவும்."

"அப்ப நம்ம ஆளுங்கதான்," என்றார் அக்கா. யாரும் சிரிக்கவில்லை. யாரும் நகரவும் இல்லை.

ரவாங் வாசலில் குத்தகைக்காரர் நின்றிருந்தார். அண்ணனைக் காப்பாற்ற ஆளுக்கொரு பொய் சொன்னோம். பேசி வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. டயர் பஞ்சர் என்றேன் நான். மாடு குறுக்கே வந்தது என்றாள் கோமதி. தான் மயங்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார் பாக்கியம் அக்கா, நிமிர்ந்து நின்று, கையில் ரோஸ் நிறப் போத்தலோடு. குத்தகைக்காரர் போத்தலை மட்டும் பார்த்தார்.

எங்கள் ரூட்டில் அண்ணனுக்குக் கடைசி நாள் அன்று, அசாம் ஜாவா முனையில் அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். அண்ணன் துடைத்த ஸ்டியரிங்கையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"புக்கிட் பெருந்துங் பக்கம் குட்டை கிட்டை இருக்குமாம்க்கா. நல்ல தண்ணிதான். என்னமாச்சும் இருக்கும்."

"கெடச்சா போட்டோ அனுப்பு," என்றார் அக்கா. "பாக்க மாட்டேன். இருந்தாலும் அனுப்பு."