ஊசிக்கட்சியும் சிரப்புக்கட்சியும்

மூன்று நாளாக மலர்விழி கொடுத்துவந்த சிரப்புக்கு அந்தக் கிருமி மசியாது என்று லேப்பிலிருந்து ரிப்போர்ட் வந்தபோது, ஐந்து வயது ரோஹித் சோபாவிலிருந்து தரைக்கும் தரையிலிருந்து சோபாவுக்கும் குதித்துக்கொண்டிருந்தான்.

பையனுக்குச் சிறுநீரகத்தில் கிருமித்தொற்று. "வாந்தி இல்ல, நல்லாக் குடிக்கிறான். வாயில குடுக்குற மருந்தே போதும்மா" என்று டாக்டர் சண்முகவள்ளி சொல்லியிருந்தார். மலர்விழி அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சிறுநீர் டெஸ்டுக்குப் பேரனை லேப்புக்குக் கூட்டிப்போய் வந்த மாமனார், ஆட்டு வியாபாரி ஆண்டிச்சாமிதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஆரஞ்சு வாசம் அடிக்குது, இனிக்குது. இதெல்லாம் ஒரு மருந்தா? அய்யலூர்ச் சந்தையில வாங்குற ஆட்டுக்கே நான் ஊசிதான் போடுறேன். எம்பேரன் என்ன, ஆட்டை விடக் கேவலமா?"

இப்போது ரிப்போர்ட்டும் அவர் கட்சிக்குப் போய்விட்டது.

அவர் காதுக்கு எட்டாமல் முடித்துவிடலாம் என்று மெடிக்கல் ஷாப் அல் அமீனுக்கு ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டுப் போன் போட்டாள். "வேற சிரப்பு ஏதாச்சும் மாத்திக் குடேன் தம்பி."

"ரிப்போர்ட்டைப் பாத்தேன்க்கா. சிரப்பு, மாத்திரை எதுக்குமே கேக்காது போலருக்கு. ஊசிதான் மிச்சம். டாக்டரைக் கேக்காம நான் எதையும் தொட மாட்டேன்."

வேடசந்தூர் மில்லில் ஷிஃப்டில் இருந்த கணவன் ஈஸ்வரனுக்கும் அதை அனுப்பினாள். அவன் தனக்குப் புரியவில்லை என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தள்ளிவிட்டான். செத்த நேரத்தில் குழுவில் இருந்த அத்தனை பேரும் டாக்டரானார்கள். நாத்தனார், தன் மகளுக்குக் கேட்ட மருந்தின் படத்தைப் போட்டாள். ஒரு பெரியப்பா வாழைத்தண்டுப் படத்தைப் போட்டார். ஆண்டிச்சாமி அடுத்த அறையில் உட்கார்ந்தபடியே குரலைப் பதிவுசெய்து அனுப்பினார்: "நான் அன்னைக்கே சொன்னேன்."

ஊசிக்குப் பயந்தது பிள்ளையா, நானா? மலர்விழி தன்னையே கேட்டுக்கொண்டாள். டாக்டர் சொல்லித்தானே கொடுத்தோம் என்றது ஒரு மனசு. அவர் அப்படிச் சொன்னது உனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்றது இன்னொன்று. பையனின் சிறுநீரகத்தைத் தன் கோழைத்தனத்துக்குப் பணயம் வைத்துவிட்டதாகவே தோன்றியது. அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மாமனார் ஜெயித்த முகத்தோடு பின்னால் வந்தார்.

டாக்டர் ரிப்போர்ட்டையும் பார்த்தார், சுழல்நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்த ரோஹித்தையும் பார்த்தார்.

"காய்ச்சல் விட்டிருச்சு, வலியும் இல்ல. மருந்து கேக்கலைன்னா இவன் இந்த ஆட்டம் ஆடமாட்டானே?"

"என்னம்மா யோசனை? ரிப்போர்ட்டு பொய் சொல்லுமா? எம்மருமக கண்ணக் கசக்குறாளேன்னு பாத்தா பயலுக்குக் கிட்னி மிஞ்சாது. போடுங்கம்மா ஊசியை!"

"மாமா சொல்றதுதான் சரி டாக்டர்" என்றாள் மலர்விழி. "அட்மிட் பண்ணிருங்க."

"பண்ணலாம். எதுக்கும் இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம்."

நர்ஸ் ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து ரோஹித்திடம் நீட்டினார். "பாத்ரூம் போயி இதுல ஒண்ணுக்கு இருந்து கொண்டாடா, கண்ணு."

ரோஹித் அதை வாங்கி நேராக ஆண்டிச்சாமியின் கையில் வைத்தான்.

"இந்தா தாத்தா, எனக்கு இன்னைக்கும் வரல. அன்னைக்கு லேப்புல இருந்த மாதிரி நீயே இருந்து குடுத்துரு."