சுருக்கம்மாவும் சுருங்காத எலி மூளையும்

தஞ்சாவூரில் சுருங்காத பொருள் ஒன்றுகூட இல்லை என்று நம்பிய ஒரே ஆள் எங்கள் ஆய்வக டெக்னீஷியன்தான். எலி மூளையை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கத் தருவார். தரும்போதே, "இது உயிரோட இருந்த அளவு இல்ல சார், சுருங்கினது" என்பார். நாங்கள் வைத்த பெயர் சுருக்கம்மா.

ஒருமுறை ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, கடைக்காரர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் டம்ளரிலேயே முக்கி, ஃபேனுக்கு அடியில் காயவைத்து, டேப்பால் அளந்தார். "அரை விரக்கடை போயிடுச்சுங்க!" கடைக்காரர் ஃபேனை நிறுத்திவிட்டார்.

அப்போது நான் ஒரு வலிப்பு மருந்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன். மருந்து கொடுத்த எலிகளின் மூளைச் செல்கள், கொடுக்காத எலிகளுடையதைவிடச் சிறுத்திருந்தன. பெரிய கண்டுபிடிப்பு! மாநாட்டுக்கு எழுதி அனுப்பிவிட்டு, எல்லாருக்கும் அசோகா அல்வா வாங்கிக் கொடுத்தேன். சுருக்கம்மா மட்டும் தொடவில்லை. இரண்டு நாள் பதிவேட்டையே புரட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் என் மேசைக்கு வந்தார்.

"சார், செல்லு சுருங்கினது மருந்தால இல்ல. என்னால."

பொங்கலுக்கு முதல் நாள், குடவாசலில் அவர் அப்பா வரப்பில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டதாக போன் வந்திருக்கிறது. போட்டது போட்டபடி ஓடியிருக்கிறார். மற்ற எலிகளின் மூளையை அதற்கு முன்பே எடுத்துவிட்டதால், மருந்து கொடுத்த எலிகளின் மூளை மட்டும் லீவு முடியும்வரை ஆல்கஹால் ஜாடியிலேயே கிடந்திருக்கிறது. ஆல்கஹாலில் ஊற ஊறத் திசு சுருங்கும்.

"நீங்க சொல்லலேன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே" என்றேன்.

"மெமோ குடுத்தா வாங்கிக்கிறேன் சார். ஆனா இந்த மருந்து மூளையச் சுருக்கிடும்னு பயந்து, வலிப்பு வர்ற புள்ளைக்கு ஒரு தாய் குடுக்காம நிறுத்திட்டா?"

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக மாநாட்டுக்கு எழுதினேன். எழுதும்போது கண் கலங்கியது உண்மை.

புதிதாக ஆரம்பித்தோம். இரண்டு வகை மூளையும் அடையாளச் சீட்டோடு ஒரே ஜாடியில், ஒரே நேரம். கண்ணாடித் தகடுகளில் எழுதியிருந்த பெயர்களின்மேல் பிளாஸ்திரி ஒட்டி மறைத்துவிட்டார் சுருக்கம்மா.

"எது எதுன்னு மட்டும் சொல்லிடுங்களேன்."

"தெரிஞ்சா உங்க கண்ணு தனக்கு வேணுங்கிறதத்தான் பாக்கும் சார்."

டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டும் மசியவில்லை. அத்தனையும் அளந்து முடித்துப் பிளாஸ்திரியைப் பிரித்தால், வித்தியாசமே இல்லை!

அதையே கட்டுரையாக்கினோம், அவர் பெயரையும் சேர்த்து. இதழ் வந்த அன்று மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சார், என் பேருல ஒரு எழுத்து தப்பு."

திருத்தம் வெளியாக மூன்று மாதம் ஆயிற்று. அந்த ஒரு எழுத்துக்காக எழுதிய கடிதம் ஒவ்வொன்றையும் சந்தோஷமாகவே எழுதினேன்.