வலது பக்கம் திரும்பாத டூகெ

ஹேரன்வேன்,
வெள்ளிக்கிழமை மாலை.

அன்பும் மதிப்பும் மிக்க வீட்ஸ்கெ அத்தைக்கு உங்கள் தம்பி மகன் ஹிட்டெ எழுதுவது.

புதிதாக வைத்த இடுப்பு எலும்பு உங்கள் பேச்சைக் கேட்க ஆரம்பித்திருக்கும் என்று நம்புகிறேன். நடைப்பயிற்சி தரும் பெண் கறாரானவள் என்று எழுதியிருந்தீர்கள். நல்லது. நான் நலம். உங்கள் நாய் டூகெ என்னைவிட நலம்.

நாளை பத்தரைக்கு உங்கள் நாத்தனார் ரூலினா கார் எடுத்து வருகிறார். டூகெயை அவரோடு அனுப்புகிறேன். முடிவு செய்துவிட்டேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீங்கள் சொன்னதுதான். நீங்கள் குடிபோகும் மூன்றாம் மாடியில் நாய்க்கு இடமில்லை. டூகெ என் சைக்கிளோடு ஓடப் பழகினால் என்னிடமே இருக்கலாம். பழகாவிட்டால் ஹோகவேனில் ரூலினாவிடம் பெரிய தோட்டம் இருக்கிறது. தினமும் ஓடாவிட்டால் வீட்டைத் தின்றுவிடுவான் என்றும் சொன்னீர்கள். மிகையில்லை. படுக்கையறைக் கதவின் கீழ்ப்பாதி இப்போது இல்லை.

நாய்ப் பயிற்சிப் புத்தகத்தில் போட்டிருந்தபடிதான் ஆரம்பித்தேன். சாலையின் வலது ஓரமாகப் போகும்போது நாய் வலது பக்கம். வண்டிகள் இடது பக்கம். கோட்டின் வலது பையில் சீஸ் துண்டுகள். நூறு மீட்டர் ஒழுங்காக ஓடினால் வலது கையை நீட்டி ஒரு துண்டு. நான்கே நாளில் நேர்க்கோட்டில் ஓடினான், காதுகள் பின்னால் பறக்க. நான் சந்தோஷமாக இருந்தேன் என்று நினைக்கிறேன். சமீபத்தில் பழக்கமில்லாததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஐந்தாம் நாள் வாய்க்கால் கரையில் முதல்முறையாக வலது பக்கம் திரும்ப வேண்டி வந்தது, திரும்புவதற்கு முன்னால் கை காட்டினேன், கை காட்டாமல் திரும்ப எனக்குத் தெரியாது, பதினொரு வயதில் பள்ளிக்கூடத்துச் சைக்கிள் தேர்வில் ஒரே ஒரு மூலையில் கை காட்ட மறந்து தோற்றவன் நான், அழுதவனைக் கூட்டிப்போனது நீங்கள்தான், அன்றிலிருந்து ஒரு மூலையையும் விட்டதில்லை, ஆக வலது கை நீண்டது, டூகெக்கு நீண்ட கை என்றால் சீஸ், தாவினான், கை அவன் வாயில், கைப்பிடி எங்கோ, நான் வாய்க்காலில், பாசியைத் துடைத்துக்கொண்டு எழுந்தால் கரையில் எதிர்வீட்டு ரீன்க் நிற்கிறார், படகுகளுக்காகப் பாலம் தூக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நிதானமாகப் பார்த்துக்கொண்டு.

“யாருக்குடா தம்பி கை காட்டுன?”

“திரும்புறேன்ல, அதுக்குத்தான்.”

“ரோட்ல யாரு இருக்கா?”

பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பசு.

“அதுகிட்ட சொல்லிட்டுத்தான் திரும்புவியோ?”

“பழக்கமாயிடுச்சுங்க.”

“அப்ப நாயை விடு. முதல்ல உன்னைப் பழக்கு.”

முயன்றேன். கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு போவேன். மூலை வரும். கை தானாக எழும். மூன்றாம் முறை விழுந்தபோது ரீன்க் துவட்டத் துண்டோடு காத்திருந்தார்.

இரண்டாம் வாரம் இடது பக்கம் மட்டுமே திரும்பினோம். இடது, இடது, இடது, இடது. வீடு வந்துவிடும். ஒரு நாளைக்கு முப்பது சுற்று. மூலைவீட்டு அம்மாள் ஜன்னல் துடைப்பதை நிறுத்திவிட்டார், எங்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறதாம்.

சீஸை இடது பைக்கு மாற்றிப் பார்க்கலாமே என்பீர்கள். மாற்றினேன். இப்போது இரண்டு கைக்கும் தாவுகிறான். இடது கை நீண்டால் முன்சக்கரத்தையே தாண்டி வருகிறான். ஆகவே மூன்றாம் வாரம் நேராக மட்டும் போகிறோம். நேராகப் போய், இறங்கி, சைக்கிளைத் தூக்கித் திருப்பி வைத்து, நேராக வந்துவிடுகிறோம்.

போன ஞாயிறு ரீன்க்குக்கு எழுபதாவது பிறந்தநாள். நாயையும் கூட்டி வா என்றார், தப்பு அவருடையது. வழக்கம்போல வட்டமாக நாற்காலி, பத்தொன்பது பேர், ஆளுக்கொரு காப்பி. உள்ளே வருகிறவன் எல்லோர் கையையும் பிடித்து வாழ்த்த வேண்டுமே, ரீன்க்குக்குப் பிறந்தநாள் என்பதற்காக ரீன்க்கின் மைத்துனியைக்கூட. நான் வாசலில் நுழைந்ததும் பத்தொன்பது வலது கைகள் நீண்டன. அத்தை, அந்த நாயின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இத்தனை பேரா என்று ஒரு கணம் நம்ப முடியாமல் நின்றான். அப்புறம் மைத்துனிகிட்ட ஆரம்பிச்சான். அஞ்சாவது ஆளு வரைக்கும்தான் எனக்குக் கணக்குத் தெரியும், அதுக்குள்ள நாயோட வார் என்னையும் ரெண்டு நாற்காலியையும் சேர்த்துச் சுத்திடுச்சு, கேக் மேசை சாஞ்சிடுச்சு.

“யாரு நாய் இது?” என்று கத்தினார் ரீன்க்கின் மனைவி.

“எங்க அத்தை நாய்,” என்றேன். என் நாய் என்று வாயில் வரவில்லை.

ரீன்க் தரையில் கிடந்த கேக்கைப் பார்த்தார். “விடு. மனசார வாழ்த்த வந்தவன் அவன் ஒருத்தன்தான்.”

களைத்துவிட்டேன், அத்தை. முட்டி இரண்டும் நீலம். நூலகத்து வேலைக்கு நாலு தடவை ஈரத்தோடு போயிருக்கிறேன். இதை எழுதும்போது அவன் என் காலின் மேல் படுத்திருக்கிறான். பாசம் இல்லை. வெந்நீர்க் குழாய் அந்த இடத்தில்தான் போகிறது. ரூலினாவிடம் தோட்டம் இருக்கிறது, கார் இருக்கிறது, பொறுமை இருக்கிறது. என்னிடம் ஒரு சைக்கிள். கோபப்படாதீர்கள்.

அறைத்தோழிக்கு என் வணக்கம். புது எலும்பு உங்களை வெகுதூரம் நடத்திக்கொண்டு போகட்டும்.

உங்கள்,
ஹிட்டெ

பி.கு. ஞாயிறு இரவு. மேலே உள்ளதைத் தபாலில் போடவில்லை. ரூலினா நேற்றுச் சரியாகப் பத்தரைக்கு வந்தார். டூகெ காரில் ஏறினான். திரும்பிப் பார்க்கவில்லை. நான் தரையைக் கூட்டினேன். இன்று காலை ஹோகவேனுக்குச் சைக்கிளில் போனேன். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். முழுக்க எதிர்காற்று. முன்கூட்டிச் சொல்லாமல் போய்க் கதவைத் தட்டினேன். ரூலினாவின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

“யாராச்சும் செத்துட்டாங்களா?”

“இல்லைங்க. டூகெயை...”

“ஞாயித்துக்கிழமை, சொல்லாம கொள்ளாம!” இழுப்பறையிலிருந்து நாட்குறிப்பை எடுத்தார். “செவ்வாய் பத்தரை காலியா இருக்கு. காப்பிக்கு வா. அப்ப பேசிக்கலாம்.”

கதவு மூடியது. மறுபடி திறந்தது.

“நேத்துல இருந்து ஒரு வாய் தின்னல அது. உன் வீட்லயும் இப்படித்தானா?”

“இல்லைங்க,” என்றேன்.

என்னையும் சைக்கிளையும் பார்த்தார். “நாயோட பதிவுத்தாள்ல வீட்ஸ்கெ பேருதான் இருக்கு. இந்தா, கையெழுத்து வாங்கிட்டு வா, கூட்டிட்டுப் போ. செவ்வாய். பத்தரைக்கு, அதுக்கு முன்னாடி வராத.”

அத்தை, நாளைக் காலை இந்தக் கடிதத்தை நானே கொண்டுவருகிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை அறைக்கு வெளியே நிற்பேன். பதிவுத்தாள் உறைக்குள்ளே இருக்கிறது. நீங்கள் கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். புதிய உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரைப் பேனாவால் எழுதிவிட்டேன்.