கைதட்டாத முப்பத்தொரு பேர்

"அத்தை, அங்க கைதட்டக் கூடாது" என்று மூன்றாவது முறையாகச் சொன்னார் மருமகன்.

"பாட்டு நல்லா இருந்தா?"

"நல்லா இருந்தாலும் தட்டக் கூடாது."

"நல்லா இல்லன்னா?"

"அப்பவும்தான்."

"அப்ப எதுக்கு மாப்பிள்ளை ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டுப் போறோம்?" என்று கேட்டுவிட்டு, மாமியார் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கைப்பையை மாட்டினார். நான்கு நாளுக்கு முன்புதான் அவருக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள்.

மருமகன் மனைவிக்கு ஃபோன் போட்டார். அவள் மருத்துவமனையில் நர்ஸ். அன்றைக்குப் பார்த்து அவளுக்குப் பகல் டியூட்டியை நீட்டித்துவிட்டார்கள்.

"சாயங்காலம் ஆறு மணிக்குச் சொட்டு மருந்து விடணும். தவறவே கூடாது" என்றாள்.

"எதிர் வீட்டு அம்மாகிட்ட சொல்லலாமா?"

"அவங்களுக்குக் கை நடுங்கும். கண்ணுல விட வேண்டியதைக் காதுல விடுவாங்க. என்னங்க, நீங்க கண்ணாடிக் கடையில வேலை பார்க்கிற மனுஷன். ஒரு கண்ணைப் பார்த்துக்க முடியாதா?"

ஃபோனை வைத்துவிட்டாள். ஐந்து நாள் கேட்டு வாங்கிய அரை நாள் விடுப்பு, பதினான்கு மாதம் காத்திருந்த கச்சேரி, இதற்கு நடுவில் ஆறு மணிக்கு ஒரு சொட்டு. வேறு வழி தெரியவில்லை. மாமியாரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

இசைக்குழுவின் பெயர் 'தற்காலிக ஏற்பாடு'. நான்கு பேர். ஒன்பது வருடமாகத் தற்காலிகமாகவே இருக்கிறார்கள். லிஃப்டில் யார் முகத்தையும் பார்க்காமல் நிற்பது பற்றி ஒரு பாட்டு, மாடி ஏறி வந்த பிறகு எதற்கு வந்தோம் என்று மறந்துபோவது பற்றி ஒரு பாட்டு என்று பாடுவார்கள். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ரசிகர்கள் சிரிப்பதில்லை. சிரித்தால் அப்போதுதான் புரிந்தது என்று ஆகிவிடும்.

கைதட்டுவதும் இல்லை. முதல் கச்சேரியில் பாடகர் மைக்கைப் பிடித்துச் சொன்ன முதல் வாக்கியமே, "தயவுசெஞ்சு யாரும் கைதட்டாதீங்க" என்பதுதான். அன்றைக்கு இருந்தது பதினோரு பேர். அதற்குப் பிறகு அந்த வாக்கியத்துக்கு விளக்கம் எழுதியவர்கள் மட்டும் இருபது பேர். புகழை மறுக்கும் கலை என்றார் ஒருவர். கூட்ட மனநிலைக்கு விழுந்த அறை என்றார் இன்னொருவர். ஆகவே 'தற்காலிக ஏற்பாடு' பாடும்போது அரங்கம் பரீட்சை ஹால் மாதிரி இருக்கும். கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பாட்டு மிகவும் பிடித்துவிட்டால் கால் மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். உயிரே போகிற அளவுக்குப் பிடித்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்கள். அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

அந்தப் பதினோரு பேரில் இன்றுவரை மிஞ்சியவர் நம் மருமகன் மட்டும்தான். அதனால் ரசிகர்கள் அவரை 'முதலாமவர்' என்று அழைத்தார்கள். முன்வரிசையில் முதல் நாற்காலி அவருடையது. கடையில் அவர் பெயரை முதலாளியே பாதி நாள் மாற்றித்தான் கூப்பிடுவார். வீட்டில் அவர் வாயைத் திறந்தால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார்கள். முப்பத்தொரு பேர் கூடுகிற அந்த அரங்கில் மட்டும், அவர் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். குழு கலைந்தால் அவர் மறுபடி வெறும் கண்ணாடிக்கடை ஆள். கலைந்துவிடும் என்று ஒரு பேச்சும் இருந்தது. "இன்று ஒரு விஷயம் சொல்ல வேண்டும்" என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். மூன்று நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பேருந்தில் போகும்போது, மாமியாரிடம் 'தட்டக் கூடாது' என்று வெறுமனே சொன்னது போதாது என்று தோன்றியது. ஒரு காரணம் சொன்னால் கேட்பார் என்று நினைத்தார்.

"அத்தை, அந்தப் பாடகருக்குத் தீராத தலைவலி. சத்தம் ஆகாது. அதான் கைதட்ட வேண்டாங்கிறாங்க."

மாமியார் உருகிப்போனார். "அடப் பாவமே. தலைவலியை வச்சுக்கிட்டா பாடுறான்? பெத்தவங்க ஒண்ணும் சொல்றதில்லையா?" கைப்பையைத் துழாவித் தைலப் புட்டியை எடுத்தார். "போனதும் நெத்தியில தடவிடுறேன்."

"வேண்டாம் அத்தை."

"இதுல என்ன வெட்கம்?"

"அவருக்குத் தைலமும் ஆகாது."

"சத்தம் ஆகாது, தைலம் ஆகாது. அவனைக் கச்சேரிக்கு அனுப்பினதே தப்பு" என்றார் மாமியார். புட்டியை உள்ளே வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார்.

அரங்கம் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. வாசலில் 'இரண்டாமவர்' நின்றிருந்தார். இரண்டாவது கச்சேரியிலிருந்து வருகிறவர். பாட்டு வரிகளுக்கு விளக்கவுரை எழுதி இரண்டு தொகுதி முடித்திருந்தார். முதல் நாற்காலியில் அவருக்கு ஏழு வருடமாக ஒரு கண்.

"யாரு இவங்க?" என்றார் இரண்டாமவர்.

மாமியாரைக் கச்சேரிக்குக் கூட்டிவந்தேன் என்று எப்படிச் சொல்வது? நூறு பேர் கேட்டாலே குழு கெட்டுப்போகும் என்று கட்டுரை எழுதியவர் முதலாமவர். கறுப்புக் கண்ணாடி, இறுகிய முகம், கையில் ஏதோ சின்னப் புட்டி. வாய் தானாகத் திறந்தது.

"பெரிய இசை விமர்சகர். பெயரைச் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

இரண்டாமவர் ஒரு அடி பின்னால் போனார். "இருட்டு அறையிலயும் கறுப்புக் கண்ணாடியா?"

"காதால மட்டும்தான் கேட்பாங்க."

செய்தி முப்பது வினாடியில் அரங்கம் முழுக்கப் பரவியது. பின்வரிசைச் சுவரோரம் மாமியாரை உட்கார வைத்துவிடலாம் என்றுதான் முதலாமவர் நினைத்திருந்தார். இப்போது நான்கு பேர் ஓடிவந்து, முன்வரிசையில் நட்டநடுவில், மைக்குக்கு ஆறடி தூரத்தில் நாற்காலி போட்டார்கள்.

"என்ன மரியாதை மாப்பிள்ளை" என்று மாமியார் முணுமுணுத்தார். "எங்க பதிவு அலுவலகத்துல முப்பது வருஷம் டைப் அடிச்சேன். நாற்காலி ஆடுதுன்னு சொன்னா ஒருத்தன் திரும்பிப் பார்த்ததில்ல."

அவசரத்துக்கு முதலாமவர் தன் சட்டைமேல் போட்டிருந்த கோட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். தண்ணீர்ப் போத்தலையும் கொடுத்தார். தைலம், கோட்டு, போத்தல், கைப்பை. இரண்டு கைக்கும் வேலை இருந்தால் தட்ட முடியாது அல்லவா.

இசைக்குழுவின் நான்கு பேரும் மேடைக்கு வந்தார்கள். பாடகருக்கு முன்தலையில் முடி குறைந்திருந்தது. டிரம்ஸ்காரர் உட்காரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தொரு பேரும் கைகளைக் கட்டிக்கொண்டார்கள்.

முதல் பாட்டு. ஒரு பிரம்மச்சாரியின் மொட்டைமாடி.

*துணி காயுது, நானும் காயுறேன்,*
*துணியை மட்டும் யாரோ மடிச்சு வைக்கிறாங்க.*

மாமியார் சிரித்துவிட்டார். மூக்கால் வந்த சிரிப்பில்லை, வயிறு குலுங்கிய சிரிப்பு.

முப்பது தலைகள் திரும்பின.

"அத்தை" என்று பல்லைக் கடித்தார் முதலாமவர்.

"நீங்க கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த இருப்பை அப்படியே பாடுறான் மாப்பிள்ளை" என்றார். அந்தக் காலத்தில் ரகசியம் பேசிப் பழகாத அலுவலகம் போலிருக்கிறது. மேடை வரைக்கும் கேட்டது. பாடகர் ஒரு வரியைத் தவறவிட்டார்.

மூன்றாவது பாட்டில் மாமியார் கண்ணாடிக்கு அடியில் கைக்குட்டையை விட்டுத் துடைத்தார். நான்காவது பாட்டுக்குத் தொடையில் தாளம் போட்டார். ஆறாவது பாட்டு முடிந்தது. கோட்டையும் போத்தலையும் கைப்பையையும் தைலத்தையும் ஒவ்வொன்றாக, நிதானமாகத் தரையில் வைத்தார். முதலாமவர் தடுப்பதற்குள் எழுந்து நின்று கைதட்டினார்.

அந்த அரங்கின் சுவர்கள் ஒன்பது வருடத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. டிரம்ஸ்காரரின் கையிலிருந்து ஒரு குச்சி விழுந்து உருண்டது. கிடார்காரர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பாடகர் வாயைத் திறந்து, மூடி, முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இடைவேளை" என்ற சொல் அவர் தொண்டையிலிருந்து பாதிதான் வந்தது.



விளக்கு போட்டதும் இரண்டாமவர் வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர்.

"விமர்சகர்னு சொன்னீங்க."

"ஆமா. வெளியில இருந்து வந்தவங்க. இங்கத்த முறை தெரியாது."

"உங்களுக்கு எப்படிப் பழக்கம்?"

"பழக்கமெல்லாம் இல்ல. வாசல்ல பார்த்தேன். அவ்வளவுதான்."

"மாப்பிள்ளை," என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது, "மணி ஆறு. சொட்டு மருந்து."

மாமியார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, தலையைப் பின்னால் சாய்த்து, வாயைச் சற்றே திறந்து காத்திருந்தார். முதலாமவர் தன் மனைவியை நினைத்தார். பிறகு முதல் நாற்காலியை நினைத்தார். மருந்தை எடுத்துக்கொண்டு போய், முப்பது பேர் வேடிக்கை பார்க்க, ஒரு சொட்டு விட்டார்.

"இமையை மூடிக்கங்க அத்தை."

"அத்தையா" என்றார் இரண்டாமவர், விளக்கவுரைக்கு ஒரு சொல் கிடைத்தவர் போல.

அதன் பிறகு நடந்ததை ஒரு விசாரணை என்றுதான் சொல்ல வேண்டும். பாடகர் முகத்தைத் திருப்பியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். "மனசு உடைஞ்சுபோச்சு அவருக்கு" என்றார் ஒருவர். "இன்னிக்குக் கலைச்சுட்டாங்கன்னா அதுக்கு நீங்கதான் பொறுப்பு" என்றார் இரண்டாமவர்.

"நான் சரி பண்ணிடுறேன்" என்றார் முதலாமவர்.

முதலில் மாமியாரைக் கீழே மருந்துக் கடை வாசலில் கொண்டுபோய் உட்கார வைத்தார். "ரெண்டாம் பாதி நல்லாவே இருக்காது அத்தை."

"நல்லா இல்லாததைக் கேட்க நீங்க மட்டும் ஏன் போறீங்க?" என்று கேட்டார் மாமியார். முதலாமவர் படியில் இரண்டு இரண்டாகத் தாவி மேலே ஓடினார்.

பிறகு ஒரு தாள் வாங்கி எழுதினார். கையெழுத்து கண் பரிசோதனைப் பலகை மாதிரி பெரிதாக, தெளிவாக இருந்தது.

'முதல் பாதியில் நிகழ்ந்த கைதட்டலுக்கு ரசிகர்கள் அனைவரின் சார்பிலும் மன்னிப்புக் கோருகிறோம். அதைச் செய்தவர் ரசிகர் அல்லர். தவறுதலாக உள்ளே வந்தவர். வெளியேற்றப்பட்டார். இனி ஒருபோதும் இந்த அரங்கில் அப்படி ஒரு சத்தம் கேட்காது என்று உறுதி அளிக்கிறோம்.'

முப்பத்தொரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டாமவர் ஒரு காற்புள்ளியைத் திருத்திவிட்டுப் போட்டார். மேடைக்குப் பின்னால் இருந்த அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பெரிய சத்தம். ஒருவர் கத்துவதும் ஏதோ தடாலென்று விழுவதும் கேட்டது. சண்டை போடுகிறார்கள் என்று முதலாமவர் நினைத்தார். குனிந்து, கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளினார். கொஞ்ச நேரத்தில் உள்ளே அமைதியானது. அவர் பெருமூச்சு விட்டார்.

இரண்டாம் பாதியில் அரங்கம் தன் பழைய தரத்துக்குத் திரும்பியது. ஒருவர் இருமல் வந்தபோது எழுந்து வெளியே போய் இருமிவிட்டு வந்தார். நான்கு பாட்டு பாட வேண்டிய இடத்தில் இரண்டு பாடினார்கள். பிறகு பாடகர் மைக்கைப் பிடித்தார்.

"இத்தோட முடிச்சுக்கிறோம். இனிமே கச்சேரி இல்ல. நாலு பேரும் வேற வேலை பார்க்கப் போறோம். நன்றி."

யாரும் அசையவில்லை. இரண்டாமவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்வரிசையில் இன்னும் ஆறு பேர் துடைத்தார்கள். இதுவரை அவர்கள் சொன்ன நகைச்சுவையிலேயே இதுதான் உச்சம் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. பாடகர் அந்த அமைதியை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மைக்கைத் தரையில் வைத்துவிட்டுப் போனார்.

பத்து நிமிடம் கழித்துத்தான் அவர்கள் திரும்ப வரப்போவதில்லை என்று முதலாமவருக்கு உறைத்தது. மேடைக்குப் பின்னால் ஓடினார். அறை காலி. ஒலிப்பெட்டிகளைக் கவனிக்கும் பெண் மட்டும் வயர்களை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நிஜமாவே கலைச்சுட்டாங்களா?"

"வேன்லயே ஏறிட்டாங்க."

"அந்தக் கைதட்டலாலதானே? முதல் நாளே வேண்டாம்னு சொன்னாங்களே. கொள்கையாச்சே அது."

"கொள்கையா?" அவர் வயரை ஒரு சுற்று சுற்றினார். "அன்னிக்கு மேல் வீட்டுல கைக்குழந்தை தூங்கிட்டிருந்துச்சு. வீட்டுக்காரம்மா வந்து கேட்டுக்கிட்டாங்க. அந்தப் பிள்ளை இப்ப நாலாவது படிக்குது."

முதலாமவர் ஒரு அடி முன்னால் வந்தார். "நாங்க மன்னிப்புக் கூடக் கேட்டோமே."

"அதான் சார்" என்றார் அந்தப் பெண், அடுத்த வயரை எடுத்துக்கொண்டே. "இடைவேளையில நாலு பேரும் கட்டிப்பிடிச்சு அழுதுக்கிட்டே, 'ஒன்பது வருஷத்துல ஒருத்தருக்காவது பிடிச்சிருக்குடா, கலைக்க வேண்டாம்'னு கத்திக்கிட்டிருந்தாங்க. அப்பத்தான் கதவுக்கு அடியில உங்க கடிதம் வந்துச்சு."