கோட் ஸ்டாண்டுக்கு வந்த கூச்சம்

மூன்று மாதமாக ஊரில் பாதிப் பேர் கழுத்தில் பூட்டோடு திரிந்தார்கள். சங்கிலியில் கோத்த பித்தளைப் பூட்டு. பேருந்து குலுங்கும்போதெல்லாம் கிணிகிணி என்றது. முடி திருத்துபவர் பிடரியில் கத்தி வைக்க இடம் தேடி நொந்துபோனார். யாராவது "என்னங்க இது கழுத்துல?" என்று கேட்டால், பூட்டு போட்டவர்கள் பரிதாபமாகப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். பதில் சொல்ல இன்னும் திறக்கவில்லையே, என்ன செய்வார்கள்?

எல்லாம் திறவுகோலார் திருவிளையாடல். துணிக்கடை மாடியில் ஒரு கூடம், வாசலில் 'உறவுத்திறன் ஆலோசகர்' என்ற பலகை. பெற்றவர்கள் வைத்த பெயரை அவரே மறந்திருப்பார். அவருடைய தத்துவம் ரொம்ப எளிது. நாலு பேரோடு பழகத் தெரியாதவர்களுக்குத் தொண்டையில் வாய்ப்பூட்டு விழுந்திருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. கழுத்தில் ஒரு பூட்டை மாட்டினால் உள்ளே இருப்பது வெளியே வந்து இதில் இறங்கிவிடும். கூச்சம் போய்விட்டால் பூட்டு திறக்கும். போகவில்லை என்றால் திறக்காது, இன்னும் சில அமர்வுகள் வரவேண்டும்.

இதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. "அறிவியல்பூர்வமா இருக்கு" என்றார் ஒரு பட்டதாரி.

அதே தெருக்கோடி ஆஸ்பத்திரியில் முறையாகப் படித்த ஆலோசகர் அம்மா ஒருவர் இருந்தார். "தினம் ஒருத்தர்கிட்ட நீங்களா போய்ப் பேசுங்க. கை நடுங்கும், நடுங்கட்டும். அடுத்த வாரம் வந்து என்ன ஆச்சுன்னு சொல்லுங்க" என்பார். நோயாளியையே உழைக்கச் சொல்லும் வைத்தியத்துக்கு எவன் போவான்? அவர் வாசல் பெஞ்சில் ஒரு பூனைதான் நிரந்தரமாகப் படுத்திருந்தது.

நம் பூட்டுக்காரரும் மாடிக்குத்தான் போனார். இருபத்தாறு வருடமாகப் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். பூட்டோடு பேசுவார், பூட்டுக்குச் சொந்தக்காரரோடு பேசமாட்டார். கூலி எவ்வளவு என்று கேட்டால் விரலை நீட்டுவார். அவர் கடை இருந்த கட்டடத்தை மாதக் கடைசியில் இடிக்கப்போகிறார்கள். தொழிற்பயிற்சிக் கூடத்தில் பூட்டு வேலை சொல்லித்தர ஆள் கேட்டார்கள். நேர்காணலில் ஐந்து பேர் எதிரே உட்கார்ந்தார்கள். இவர் பன்னிரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "தண்ணி."

இவரளவுக்கு வேலை தெரிந்தவர் வேறு யாரும் கிடைக்காததால் வியாழக்கிழமை மறுபடி வரச்சொல்லியிருந்தார்கள்.

"இந்தத் தடவையும் தண்ணி கேட்டுட்டு வந்தீங்கன்னா, அப்புறம் வீட்டுலயும் வெறும் தண்ணிதான்" என்றாள் மனைவி. அவளே கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப்போனாள். பூட்டுத் தொழிலாளி கழுத்தில் ஒரு பூட்டு ஏறியது. கடைக்கு வந்தவர்கள் அதை விற்பனைச் சரக்கு என்று நினைத்து விலை கேட்டார்கள்.

புதன்கிழமை அமர்வில் கூடம் நிரம்பி வழிந்தது. திறவுகோலாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கோட் ஸ்டாண்டு, அதில் அவருடைய கோட்டு தொங்கியது. பூட்டுக்காரர் எழுந்து போய்க் கழுத்தை நீட்டினார். திறவுகோலார் கண்ணை மூடி, கோட்டின் இடது பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துப் போட்டுத் திருப்பினார். கட்டென்று நின்றது.

"கூச்சம் கெட்டியா உக்காந்திருக்கு. இன்னும் ஆறு அமர்வு வேணும். நாளைக்கு எங்கயும் பேசப் போயிடாதீங்க. பூட்டோட பேசினா குரல் நிரந்தரமா போயிடும்."

"அப்ப நேர்காணலுக்குப் போக வேண்டாம்ங்க" என்றாள் மனைவி பயந்துபோய்.

அடுத்து எழுந்து வந்தவர் வரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மா. அவருக்குச் சாவி வலது பையிலிருந்து வந்தது. பூட்டு வெண்ணெயாகத் திறந்தது. கூடமே கைதட்டியது. அந்த அம்மா கண்ணீர் விட்டார். பரிசாக, அடுத்த நிலைக்கென்று இன்னும் பெரிய பூட்டு ஒன்று காத்திருந்தது.

பூட்டுக்காரருக்கு ரத்தம் கொதித்தது. அந்தக் 'கட்' சத்தத்தை அவர் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார். அது கூச்சத்தின் சத்தம் இல்லை, வேறு பூட்டின் சாவியைப் போட்டால் வரும் சத்தம். ஆனால் சொல்ல வேண்டுமே. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிழைப்பையே கெடுத்துவிடுவான் போலிருக்கிறதே இந்த ஆள் என்ற ஆத்திரம் மட்டும் வாயைத் திறந்தது.

"அது... அது வேற சாவி."

கூடம் திரும்பிப் பார்த்தது.

"எனக்கு இடது பை, இந்த அம்மாவுக்கு வலது பை. பூட்டு எல்லாம் ஒரே அச்சு, ஒரே சாவிக்குத் திறக்கும். சாவிதான் ரெண்டு, ஒண்ணு திறக்கிறது, ஒண்ணு திறக்காதது." வரி அலுவலக அம்மாவின் பூட்டை வாங்கினார், கோட் ஸ்டாண்டின் கழுத்தில் மாட்டி அமுக்கிப் பூட்டினார். "இதுக்குப் போடுங்க பார்ப்போம்."

"உயிரில்லாத பொருளுக்கு ஏதுய்யா கூச்சம்?" என்று சிரித்தார் திறவுகோலார்.

"கூச்சம் இல்லேன்னா திறக்கணுமே. போடுங்க."

கூட்டமும் போடச் சொன்னது. புது ஆளுக்கு இடது பை என்பது கையின் பழக்கம். திறவுகோலாரின் கை தானாக இடது பக்கம் போனது. கட்.

திறவுகோலார் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "ஸ்டாண்டு பல வருஷமா தனியா நிக்குது. மனுஷங்களோட பழக்கமே இல்ல. கூச்சம் இருக்கத்தான் செய்யும்."

நம்ப மாட்டீர்கள், நாலைந்து பேர் ஸ்டாண்டைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். பட்டதாரி அதன் தோளில் ஆறுதலாகக் கை வைத்தார்.

வரி அலுவலக அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. ஊரார் பையைச் சோதித்தே பழகியவர். எட்டிக் கோட்டின் வலது பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தார், ஸ்டாண்டுப் பூட்டில் போட்டுத் திருப்பினார். திறந்துகொண்டது.

"எனக்கு ஆறு அமர்வு ஆச்சு" என்றார் அவர், பல்லைக் கடித்தபடி. "ஸ்டாண்டுக்கு ஆறு நொடி."

முகம் வெளிறிய திறவுகோலார் சட்டென்று இரண்டு கையையும் உயர்த்தினார். "பாத்தீங்களா? வாயே திறக்காத மனுஷன் இன்னைக்குச் சபையில பேசிட்டார். இது யாரோட சிகிச்சை? என்னோட சிகிச்சை."

கூட்டம் ஒரு கணம் யோசித்தது, யோசித்த களைப்பு தீரப் பலமாகக் கைதட்டியது.

பூட்டுக்காரர் தன் கழுத்துப் பூட்டைத் தூக்கிக் காட்டினார். "இது இன்னும் பூட்டித்தான் இருக்கு. இவர் கணக்குப்படி நான் இப்போ ஊமை."

கைதட்டல் அப்படியே நின்றது. திறவுகோலார் கோட்டைக்கூட எடுக்காமல் படியிறங்கினார்.

பூட்டுக்காரர் மனைவியின் கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, இரண்டே நொடியில் தன் பூட்டைக் கழற்றினார். அடுத்த அரை மணி நேரம் கூடம் முழுக்க வரிசையில் நின்று கழுத்தை நீட்டியது.

வியாழக்கிழமை நேர்காணலில் முதலில் தண்ணிதான் கேட்டார். தம்ளர் பிடித்த கை நடுங்கியது. குடித்துவிட்டு, தப்பான சாவி எப்படிச் சத்தம் போடும் என்று தொடங்கியவரை நிறுத்த அந்த ஐந்து பேரும் படாதபாடு பட்டார்கள். வேலை கிடைத்தது. நடுக்கம் போகவில்லை என்பதால் இப்போது வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்காருகிறார். பூனைதான் இடம் மாறியிருக்கிறது.

கடையைக் காலி செய்துகொண்டிருந்த நாளில் அந்தப் பட்டதாரி வந்தார். வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டு தயங்கித் தயங்கி நின்றார்.

"அண்ணே, அத்தனை பேரையும் திறந்துவிட்டுச்சே, அந்த ஹேர்பின்ல ஒண்ணு கிடைக்குமா? கழுத்துல மாட்டிக்கத்தான்."

பூட்டுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கழுத்துக்கு மேல ஏற்கெனவே ஒண்ணு மாட்டியிருக்கே தம்பி. முதல்ல அதைத் திறந்து பாருங்க."